முருங்கைக்கு முன் சணப்பு

முருங்கை வளர்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒரு போத்தை ஒடித்து மண்ணில் ஊன்றினால் வந்துவிடும் என்பது ஊர்ப்பேச்சு. கிராமத்துக் கொல்லையில், மாடு கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அது வரத்தான் செய்கிறது. புறநகரில் மனை நிரப்பிக் கட்டிய வீட்டில் கதை வேறு. செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் கலந்த மண்ணில் அதே போத்து துளிர்க்கும், ஒரு மாதம் ஆசை காட்டும், பிறகு கருகிவிடும். வீட்டுக்காரர் போத்தைக் குறை சொல்வார், இன்னொன்று கொண்டுவந்து அதே குழியில் ஊன்றுவார்.

அந்த மண்ணில் சத்தும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. அதனால் இந்த அத்தியாயத்தில் முருங்கை இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் ஒன்றரை மாதம் மண்ணைத் தேற்ற வளர்த்து அறுத்துப் போடும் சணப்பு போன்ற மூடுபயிர், பிறகு முருங்கை, அதன் காலடியில் மறுபடியும் மூடுபயிர். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எந்த மாதம் என்ன வேலை

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இப்படி வைத்துக்கொள்ளலாம்:

1. ஆடி முதல் வாரம்: மூடுபயிர் விதைப்பு.
2. ஆவணி நடுவில்: பூ எடுக்கும் நேரத்தில் அறுத்துப் போடுதல், குழி எடுத்து நிரப்புதல்.
3. புரட்டாசி முதல் வாரம்: போத்து ஊன்றுதல் அல்லது விதை போடுதல்.
4. கார்த்திகை: மழை ஓய்ந்த இடைவெளியில் மரத்தைச் சுற்றி இரண்டாவது மூடுபயிர்.
5. மார்கழி, தை: பூ. மாசி, பங்குனி: முதல் காய் (விதையில் வந்த செடிமுருங்கைக்கு).

விதைக்குப் புரட்டாசியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செடிமுருங்கை விதைத்த 90 முதல் 100 நாளில் பூக்கும். ஆடியில் விதைத்தால் அந்தப் பூ ஐப்பசி அடைமழையில் மாட்டிக்கொண்டு மொத்தமாகக் கொட்டிப்போகும். புரட்டாசியில் விதைத்தால் பூக்கும்போது மழை ஏறக்குறைய ஓய்ந்திருக்கும்.

இடம் பார்ப்பது

முருங்கைக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். அதைவிட முக்கியம், வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. வறட்சியைப் பல மாதம் தாங்குகிற இந்த மரம், தேங்கிய தண்ணீரைச் சில நாள்கூடத் தாங்காது.

*வடிகால் சோதனை:* ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி ஒருமுறை நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் இடம் நல்லது. மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் தெரிந்தால் அங்கே குழியில் நடாதீர்கள். ஒன்றரை அடி உயரமும் நாலடி அகலமும் உள்ள மேடு போட்டு அதன் உச்சியில் நடுங்கள். சென்னை புறநகர்களிலும் கடலோரத்துக் களிமண் பகுதிகளிலும் பெரும்பாலும் மேடுதான் கைகொடுக்கும்.

*தூரம்:* சுவரிலிருந்து குறைந்தது 8 அடி. மின்கம்பியிலிருந்து 15 அடிக்குக் குறையாமல் தள்ளி. முருங்கைக் கிளை சொல்லாமல் முறியும். கார் நிறுத்துமிடம், ஓட்டுக்கூரை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இவற்றின் மேல் சாய வாய்ப்புள்ள இடமும் வேண்டாம். வீட்டு முன்னால் முருங்கை வைத்தால் வேதாளம் வரும் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாமல் பின்பக்கம் வையுங்கள். கம்பளிப்பூச்சி வரும் காலத்தில் வாசலில் அந்த மரம் இல்லையே என்று நீங்களே நிம்மதியடைவீர்கள்.

மூடுபயிர்: முதல் 45 நாள்

மரம் நிற்கப்போகிற இடத்தை மையமாக வைத்து 10 அடிக்கு 10 அடி சதுரம் குறித்துக்கொள்ளுங்கள். இடம் அவ்வளவு இல்லையென்றால் 6 அடியும் போதும். எதை விதைப்பது என்பதை உங்கள் மண் சொல்லும்:

- செம்மண், ஓரளவு நல்ல மண்: சணப்பு. வேகமாக நாலைந்து அடி வளரும், களையை அமுக்கிவிடும்.
- களிமண், உவர்ப்புத் தட்டிய மண், தண்ணீர் நிற்கும் இடம்: தக்கைப்பூண்டு.
- மணற்பாங்கு, கடுமையான வெயில்: தட்டைப்பயறு அல்லது கொள்ளு.
- ஆடு மாடு புகும் திறந்த இடம்: கொளுஞ்சி. கால்நடைகள் பொதுவாக அதில் வாய் வைப்பதில்லை. ஆனால் விதைத்தோல் கல் மாதிரி இருக்கும். கரடுமுரடான மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுத்தான் விதைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிகூட முளைக்காது.

எது கிடைக்கும் என்று தெரியாவிட்டால் மளிகைக் கடையிலிருந்து தட்டைப்பயறு வாங்கிக்கொள்ளுங்கள். உடைக்காத, தோல் நீக்காத முழுப் பயறாக இருந்தால் முளைக்கும். ஒரு கைப்பிடியை ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டிவைத்துப் பார்த்துவிட்டு மீதியை விதையுங்கள்.

பூனைக்காலியை மட்டும் வீட்டருகே விதைக்க வேண்டாம். மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் அதன் காயிலுள்ள சுணை மேலே பட்டால் அரிப்பு தாங்காது, கொடி கிடைத்த மரத்திலெல்லாம் ஏறி அமுக்கும்.

*செய்முறை:*

1. கல், கண்ணாடி, சிமென்ட் கட்டி, பெயின்ட் டப்பா எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். புதுவீட்டு மனையில் இதற்கே ஒரு நாள் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சில்லும் துருப்பிடித்த ஆணியும் கண்ணில் படுவதற்கு முன் கையில்தான் படும்.
2. மண்வெட்டியால் அரையடி ஆழம் கொத்தி விடுங்கள். அதற்கு மேல் புரட்ட வேண்டாம்.
3. 10 அடி சதுரத்துக்கு 100 கிராம் சணப்பு அல்லது தட்டைப்பயறு போதும். ஒரு கரண்டி ஆறிய சோற்றுக் கஞ்சியில் ஒரு கரண்டி ரைசோபியம் உயிர் உரம் கலந்து, விதையை அதில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். வெயிலில் உலர்த்தினால் நுண்ணுயிர் செத்துவிடும். வெந்நீர்ப் பதத்தில் கஞ்சி இருந்தாலும் அதே கதி.
4. பரவலாகத் தூவி, குப்பை வாரியால் ஒரு அங்குலம் மண் மூடும்படி கீறிவிடுங்கள். புறா, மைனா வரும் இடமென்றால் முளைக்கும்வரை தென்னோலை போட்டு மூடுங்கள்.
5. முளைக்கும்வரை தினமும் லேசாக நீர். பிறகு வாரம் இருமுறை.
6. சுமார் 45ஆம் நாள், முதல் பூ தென்பட்டதும் தரைமட்டத்தில் அரிவாளால் அறுத்து அங்கேயே பரப்புங்கள். வேரைப் பிடுங்கக் கூடாது. வேர் மண்ணுக்குள்ளேயே மக்கும்போது உண்டாகிற துளைகள் வழியாகத்தான் காற்றும் தண்ணீரும் கீழே இறங்கும், முருங்கை வேரும் அந்த வழியே போகும்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* "பூ அழகாக இருக்கிறதே, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று விடுவது. சணப்பு கயிறு திரிக்க நார் தருகிற பயிர். 60 நாள் தாண்டினால் தண்டு நாராகிவிடும். அறுத்துப் போட்டாலும் மாதக்கணக்கில் மக்காது. காய் முற்றிவிட்டால் பயிர் சேர்த்த சத்தில் பெரும்பங்கு விதைக்குள் போயிருக்கும். சணப்பு விதை ஆடு மாடுகளுக்கு நஞ்சு என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

வேரைப் பார்த்துவிட்டு அறுங்கள்

அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பு ஒரே ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் முண்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியென்றால் காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை முடிந்துவிட்டது. முண்டே இல்லையென்றால் அடுத்த முறை ரைசோபியத்தை மறக்காதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நல்ல முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். வேரே அங்கங்கே வீங்கி, தேய்த்தாலும் உதிராமல் முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்த இடத்தில் இன்னொரு போகம் சணப்போ செண்டுமல்லியோ போட்டுவிட்டு அடுத்த பட்டத்தில் முருங்கை நடுவது நல்லது. அவசரமென்றால் குழிக்கு வேப்பம்புண்ணாக்கை இரட்டிப்பாக்குங்கள்.

குழி

1. அறுத்த தழையை நடுவிலிருந்து ஒதுக்கிவிட்டு ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண் ஒரு பக்கம், அடிமண் ஒரு பக்கம்.
2. மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 250 கிராம் கலந்து குழியை நிரப்புங்கள். அடிமண்ணைக் குழியைச் சுற்றிப் பாத்தி கட்டப் பயன்படுத்தலாம்.
3. பச்சைத் தழையைக் குழிக்குள் போடாதீர்கள். அது மக்கும்போது கிளம்பும் சூடு புது வேரைக் கருக்கும். தழைக்கு இடம் மேலே, குழிக்கு வெளியே.
4. 10 முதல் 15 நாள் ஆறவிடுங்கள். மண் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகே நடவு.

தொழுவுரம் மக்கிவிட்டதா என்று கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். சாணி வாசனை வந்தால் இன்னும் காலமிருக்கிறது. பச்சைச் சாணி போட்ட குழிக்கு வேர்ப்புழு தேடி வரும்.

போத்தா, விதையா?

போத்து என்பது தாய்மரத்தின் துண்டு. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. காய் நீளம், சதைப்பற்று, ருசி எதுவும் மாறாது. யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை, மூலனூர் முருங்கை போன்ற மரவகைகள் இப்படித்தான் கை மாறி வந்திருக்கின்றன. குறை என்னவென்றால் போத்துக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேர்கள் மட்டும் பரவும். பலத்த காற்றில் சாயும், முதல் கோடையில் தண்ணீர் கேட்கும். காய்க்கவும் ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

விதையில் வருகிற செடி முதல் மாதத்திலேயே முள்ளங்கி போல ஒரு கிழங்கு வேரைக் கீழே இறக்கிவிடும். வறட்சியையும் காற்றையும் தாங்க அதுதான் முதல். செடிமுருங்கையில் பரவலானது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1. ஆறு மாதத்தில் காய்க்கும், காய் இரண்டடிக்கு மேல் இருக்கும். பிறகு வந்த பி.கே.எம்.2 இன்னும் நீளம், நாலடியைத் தொடும். வீட்டுக்கு முதலாவதே போதும். நாலடிக் காயை வெட்டிக் குழம்பில் போடுவதற்குள் பாதி வாடிவிடுகிறது.

ஆனால் பி.கே.எம்.1 மரத்துக் காயை முற்றவிட்டு விதை எடுத்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேனீயும் கருவண்டும் தெருவிலுள்ள எல்லா முருங்கைக்கும் போய்விட்டுத்தான் உங்கள் பூவுக்கு வருகின்றன. காட்டு முருங்கை பக்கத்தில் இருந்தால் கசப்புக் காய்கூட வரலாம்.

என் கணிப்பு இது: ருசி தெரிந்த, காய்த்துக் குலுங்குகிற ஒரு மரம் அக்கம்பக்கத்தில் இருந்தால் போத்து. அப்படி ஒன்று இல்லை, இடம் காற்றடிக்கும் வெட்டவெளி, அல்லது அடிக்கடி ஊருக்குப் போகிற குடும்பம் என்றால் விதை. போத்து என்று முடிவானால், "அக்கா, அடுத்த தடவை மரத்தை வெட்டும்போது ஒரு போத்து எடுத்து வைங்க" என்று இப்போதே சொல்லி வையுங்கள். கேட்டால் மறுப்பவர் குறைவு. கேட்காமல் இரவில் ஒடித்தால் மரமும் கெடும், உறவும் கெடும்.

போத்து ஊன்றும் முறை

1. காய்ப்பு முடிந்த, நோயற்ற மரத்தில் உங்கள் மணிக்கட்டு கனத்துக்குக் குறையாத முற்றிய கிளை வேண்டும். நீளம் 3 முதல் 5 அடி. விரல் கனத்துப் பச்சைக் கிளை சீக்கிரம் துளிர்க்கும், அதைவிடச் சீக்கிரம் அழுகும்.
2. ரம்பத்தால் அறுங்கள். அரிவாளால் வெட்டினால் நுனி பிளந்து, அந்தப் பிளவில் தண்ணீர் இறங்கும்.
3. அறுத்தவுடன் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். இலை உதிர்த்துவிட்டால் தலை எது, கால் எது என்று தெரியாது. தலைகீழாக ஊன்றிய போத்துகள் நிறைய உண்டு.
4. நிழலில் இரண்டு மூன்று நாள் சாய்த்து வையுங்கள். அறுத்த இடத்தில் பிசின் கசிந்து காய்ந்து ஒரு தோல் மாதிரி மூடும். அந்தத் தோல்தான் அழுகலுக்குக் கதவடைப்பது.
5. மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். அடித்து இறக்காமல் கடப்பாரையால் துளை போட்டு இறக்கி, சுற்றி மண்ணைக் காலால் இறுக்குங்கள்.
6. மேல்நுனியில் சாணி உருண்டை ஒன்றை அப்புங்கள். வெயிலில் நுனி காயாமலும் மழைநீர் உள்ளே இறங்காமலும் அது காக்கும்.
7. ஊன்றியதும் ஒரு வாளித் தண்ணீர். அதன் பிறகு மண்ணில் இரண்டு அங்குலம் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

*மிகப் பெரிய தவறு:* துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நினைப்பது. முதல் துளிர் போத்துக்குள் சேமித்திருந்த சத்தில் வருவது. வேர் அதற்குப் பிறகுதான். இந்த இடைவெளியில்தான் ஆட்டிப் பார்ப்பது, நிறையத் தண்ணீர் ஊற்றுவது, உரம் வைப்பது எல்லாம் நடக்கும், போத்து சாகும். இரண்டு மாதம்வரை தொடாதீர்கள். துளிர் நாலைந்துக்கு மேல் இருந்தால் வலுவான மூன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். அதுகூட விரல்நுனியால், போத்தை அசைக்காமல்.

ஐப்பசியில் உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமென்றால் போத்தைப் புரட்டாசியில் ஊன்ற வேண்டாம். மழை ஓய்ந்து தை மாதத்தில் ஊன்றுங்கள்.

விதை போடும் முறை

1. விதை புதியதாக இருக்கட்டும். ஒரு வருடம் தாண்டியதில் முளைப்பு வேகமாகக் குறையும். காயவைத்த காயிலிருந்து எடுத்த, கருப்பேறிய, கனமான விதையாகப் பொறுக்குங்கள்.
2. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். அதன் சிறகுகளை உரிக்கத் தேவையில்லை.
3. குழியின் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு விதை, ஒரு அங்குல ஆழத்தில்.
4. ஒரு வாரத்திலிருந்து 12 நாளுக்குள் முளைக்கும். ஒரு அடி உயரம் வந்ததும் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் தரைமட்டத்தில் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

நேரடியாகக் குழியில் போடுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். கோழி, நத்தை, விளையாடும் பிள்ளைகள் என்று தொல்லை இருந்தால் ஆழமான நாற்றுப் பையில் போட்டு, 30 நாளில் பையைக் கிழித்து மண்கட்டி உடையாமல் மாற்றலாம். அதற்கு மேல் பையில் வைத்திருந்தால் கிழங்கு வேர் அடியில் சுருண்டுகொள்ளும். சுருண்ட வேர் பிறகு நிமிர்வதே இல்லை.

நர்சரியில் வாங்குவதானால் உயரமான செடியைத் தேடாதீர்கள். ஒரு அடிச் செடி, பைக்கு வெளியே வேர் எட்டிப் பார்க்காதது, அதுதான் நல்ல செடி.

காலடியில் இரண்டாவது மூடுபயிர்

கார்த்திகையில் கனமழை நின்றதும் மரத்தைச் சுற்றிக் கொள்ளு விதையுங்கள். மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே அது வளர்ந்துவிடும். தட்டைப்பயறும் ஆகும், ஆனால் அதில் அசுவினி சீக்கிரம் ஏறும். அசுவினி வந்தால் பதறி மருந்து அடிக்காதீர்கள். சில நாளில் பொறிவண்டுகள் வந்து சேரும். அவற்றுக்கு உங்கள் தோட்டத்தில் முதல் சாப்பாடு அதுதான்.

இங்கே காக்க வேண்டிய விதிகள் மூன்று:

- தண்டைச் சுற்றி ஒரு அடி வெற்று மண் எப்போதும் இருக்கட்டும். தழை தண்டைத் தொட்டால் பட்டை அழுகும், கரையான் ஏறும்.
- கொடி மரத்தில் ஏறினால் அன்றே இழுத்து விடுங்கள்.
- வீட்டுச் சுவரை ஒட்டி 3 அடிக்குத் தழை வேண்டாம். அடர்ந்த மூடுபயிரில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அறுக்கும்போது முழங்கால்வரை பூட்ஸ், கையில் ஒரு நீளக் கம்பு. இருட்டிய பிறகு வெறுங்காலோடு அங்கே போக வேண்டாம்.

ஒடித்து வளர்

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது பழமொழி. அதில் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் அடுத்த பாதியை விட்டுவிடலாம், முதல் பாதி நூற்றுக்கு நூறு சரி. விட்டால் முருங்கை ஒற்றைக் குச்சியாக மேலே போய், உச்சியில் நாலு காய் காட்டும். பறிக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

செடி இரண்டரை அடி தொட்டதும் நுனிக் குருத்தை நகத்தால் கிள்ளுங்கள். பக்கத்தில் கிளைகள் கிளம்பும். அவை இரண்டடி வந்ததும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். மூன்று மாதத்தில் செடி ஆளுயரத்தில் குடையாக நிற்கும். கிள்ளிய குருத்தை எறியாதீர்கள், அன்றைக்குப் பொரியலுக்கு ஆகும்.

பூ கொட்டுகிறதே!

எல்லா முருங்கையிலும் பூ கொட்டும். பூத்ததெல்லாம் காயானால் கிளை தாங்காது. முழுவதும் கொட்டினால் மட்டும் காரணம் தேடுங்கள். தண்ணீர் அதிகமா? பூக்கும் பருவத்தில் தினமும் ஊற்றுகிற மரம் இலையாகத்தான் தள்ளும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒருமுறை ஆழமாக ஊற்றுவது போதும். திடீரென்று காய்ச்சலும் பிறகு வெள்ளமுமாக மாறி மாறிக் கொடுப்பதும் பூவைக் கொட்ட வைக்கும்.

அடுத்த காரணம் இந்த அத்தியாயத்தின் முறையிலேயே ஒளிந்திருக்கிறது. பயறு வகை மூடுபயிரை அறுத்து அறுத்துப் போட்டால் தழைச்சத்து சேர்ந்துகொண்டே போகும். இலை கரும்பச்சையாகி, மரம் வாளிப்பாக நிற்கும், காய் இருக்காது. கீரைக்கு மட்டும் வளர்ப்பவருக்கு இது கொண்டாட்டம். காய் வேண்டுமென்றால் பூ தெரிந்ததிலிருந்து புதுத் தழை போடுவதை நிறுத்திவிட்டு, விறகடுப்புச் சாம்பல் இரண்டு கைப்பிடியை மரத்திலிருந்து இரண்டடி தள்ளித் தூவி நீர் விடுங்கள். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் ஆகாது.

கம்பளிப்பூச்சி

மழைக்குப் பின் ஒரு காலை எழுந்து பார்த்தால் தண்டின் மேல் பழுப்புப் போர்வை விரித்த மாதிரி நூற்றுக்கணக்கில் அப்பியிருக்கும். இரவில் ஏறி இலையைத் தின்னும், பகலில் தண்டுக்கு இறங்கி ஒன்றாக ஒண்டும். இந்தப் பழக்கம்தான் நமக்கு வசதி. மரத்தையே வெட்டிப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

1. முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகத்தில் துணி. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அது உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள்.
2. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குச் சிறிது சோப்புக் கரைசல். காலையில் அவை கூட்டமாக இருக்கும்போதே முழுக்க நனையத் தெளியுங்கள்.
3. கீழே விழுந்தவற்றை வாரிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.
4. ஒரு வாரத்துக்கு அந்த மரத்துக் கீரையைப் பறிக்காதீர்கள்.

மண்ணெண்ணெய்ப் பந்தம் காட்டுகிற பழைய வழக்கம் வேண்டாம். பட்டை வெந்துபோகும், கீழே காய்ந்த மூடாக்குத் தழை இருப்பதால் தீ பரவும், கருகிய சுணை காற்றில் பறந்து கண்ணுக்கும் மூச்சுக்கும் போகும்.

சுணை மேலே பட்டால் தேய்க்காதீர்கள், சொறியாதீர்கள். பசைநாடாவை ஒட்டி ஒட்டி உரித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காயில் பிசின் வடிந்து நுனி காய்ந்து பிளந்தால் அது காய் ஈயின் வேலை. அப்படிப்பட்ட காயை மரத்திலும் தரையிலும் விடாமல் பொறுக்கி எரித்துவிட்டால் அடுத்த தலைமுறை குறையும். குப்பைக் குழியில் போட்டால் அங்கிருந்தே திரும்பி வரும்.

மொட்டை மாடியில்

பாதியாக அறுத்த 200 லிட்டர் பீப்பாயில் செடிமுருங்கை வரும். அதைக் கீரைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், காய் கிடைத்தால் லாபம். ஈர மண்ணோடு அந்தப் பீப்பாய் 150 கிலோவுக்கு மேலும் கனக்கலாம். ஆகவே தளத்தின் நடுவில் வைக்காமல் உத்தரம் அல்லது தூண் இருக்கும் இடத்தின் மேல் வையுங்கள். பழைய கட்டடமென்றால் பொறியாளரிடம் கேட்டுவிட்டு. கைப்பிடிச் சுவரின் மேல் எக்காரணம் கொண்டும் வேண்டாம். மூடுபயிருக்குப் பாசிப்பயறு அல்லது வெந்தயம், 25 நாளில் கத்தரித்து மேலேயே போடுங்கள். செடியை நாலடிக்கு மேல் விடாதீர்கள், ஆடிக் காற்று பீப்பாயோடு சாய்த்துவிடும்.

பறிப்பும் அடிவெட்டும்

காயைப் பிடித்து இழுக்காதீர்கள், காம்போடு சேர்ந்து அடுத்த பூங்கொத்தும் வந்துவிடும். எட்டுகிற காயைக் கத்தரியுங்கள், எட்டாததற்குத் துறட்டி. துறட்டிக்கு மூங்கில் கழிதான் சரி, அதுவும் காய்ந்ததாக. இரும்புக் குழாய், அலுமினியக் கழி இரண்டும் மின்கம்பியில் பட்டால் ஆளை முடித்துவிடும். மழை ஈரத்தில் மூங்கிலையும் கம்பி அருகே கொண்டுபோக வேண்டாம். மரத்தில் ஏறுவது கிடையவே கிடையாது. கை கனத்த முருங்கைக் கிளைகூட எச்சரிக்கை ஒலி தராமல் முறியும். வேரையும் வேர்ப்பட்டையையும் மருந்து என்று யாராவது சொன்னாலும் வீட்டில் கஷாயம் வைக்காதீர்கள், அதில் நச்சுப் பொருள்கள் உண்டு. கர்ப்பிணிகள் அதைத் தொடவே வேண்டாம்.

காய்ப்பு ஓய்ந்ததும் செடிமுருங்கையைத் தரையிலிருந்து 3 அடியில் ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். வெட்டு சாய்வாக இருக்கட்டும், மேலே சாணி அப்புங்கள். 10 கிலோ தொழுவுரம் வைத்து நீர் விட்டால் இரண்டு வாரத்தில் துளிர்க்கும். வலுவான நாலைந்து கிளையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து மாதத்தில் மறுபடி காய். மூன்று வருடம் இப்படி ஓட்டலாம். மூன்றாவது வருடக் காய்ப்பு நடக்கும்போதே, 8 அடி தள்ளி அடுத்த சதுரத்தைக் குறித்து, ஆடியில் அங்கே சணப்பு விதைத்துவிடுங்கள்.